விளிம்பு உடைந்த தட்டு

பிப்ரவரி 3, திங்கள்

இது புது நோட்டு. பழையதை ஜெனிட்டா தன் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, "ஏட்டி வாணி, இது ஒன் டைரியா? ரஃப் நோட்டுன்னு நெனச்சு ரெண்டு பக்கம் பாக்டீரியா படம் வரைஞ்சுட்டேன்" என்று நீட்டினாள். உள்ளே எதையும் படிக்கவில்லையாம். நம்புகிறேன். பாடப் புத்தகத்தையே படிக்காதவள் என் கையெழுத்தையா படிக்கப் போகிறாள்? இனி இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன்.

கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரே அறையில் இருக்கிறோம். எனக்கு ஊர் கோபி, அவளுக்கு நாசரேத். என் மார்க்கரைக் கேட்காமல் எடுப்பாள், மூடியைப் போடாமல் திருப்பி வைப்பாள். மாதம் ஒரு மார்க்கர் காய்ந்து போகிறது. சொன்னால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

இன்று நுண்ணுயிரியல் வகுப்பில் சுந்தரி மேடம் ஒரு விஷயம் சொன்னார். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொள்வாராம். வெளியாகப் போகும் கட்டுரையில் பெயர் வரும். மடிநோய் செய்முறையில் யார் முதலாவதாக வருகிறார்களோ அவருக்குத்தான் இடம்.

எனக்குத்தான் கிடைக்க வேண்டும். மூன்று பருவமாக வகுப்பில் முதல் மாணவி நான்தான். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று எழுதத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். எழுதியதும் ஜெனிட்டாவின் கை ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 5, புதன்

அவள் கையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

கம்பி வளையத்தைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, மாதிரியில் தொட்டு, கிருமி வளர்க்கும் அகார் கூழின் மேல் கோடு கோடாக இழுக்க வேண்டும். கோடு சரியாக விழுந்தால் மறுநாள் கிருமிகள் தனித்தனிப் புள்ளிகளாக வளர்ந்து நிற்கும். சரியாக விழாவிட்டால் தட்டு முழுக்கச் சகதி. இது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் என் கம்பி கூழைக் கிழிக்கிறது. ஜெனிட்டா பக்கத்தில் இருப்பவளோடு மெஸ் தோசையைப் பற்றிப் பேசிக்கொண்டே இழுக்கிறாள். கோலப்பொடி விழுவதுபோல விழுகிறது.

மேடம் அவள் பின்னால் வந்து நின்று ஒரு நிமிடம் பார்த்தார். "ஜெனி, உனக்குக் கை நல்லா பேசுது" என்றார்.

ஜெனியாம். என்னை வருகைப் பதிவேட்டில் இருப்பதுபோல முழுப் பெயராக, "கோகிலவாணி" என்றுதான் கூப்பிடுகிறார். ஒன்றரை வருடத்தில் ஒருநாள்கூட 'வாணி' வந்ததில்லை.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

மரபியல் வகுப்பு. பால் கறக்கும் திறனில் கால் பங்குதான் பரம்பரையாக வருகிறது, மிச்சமெல்லாம் தீவனமும் பராமரிப்பும் என்றார் சார். வீட்டுக் கணக்கு ஆறு. நான் முடித்தேன். ஜெனிட்டா பார்த்து எழுதினாள். மூன்றாவதில் கூட்டலைத் தப்பாக எழுதிக்கொண்டாள். பார்த்தேன், சொல்லவில்லை.

மாலையில் அம்மா போன். பெரியம்மா வீட்டில் புது வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். "உன்ற பெரியம்மா அதத் திண்ணீரு பூசாத கொறையா எல்லாத்துக்கும் காட்டிட்டிருக்கறா கண்ணு. எனக்கென்ன வந்துச்சு, நாம்பாட்டுக்கு கையிலயே தொவச்சுக்கறேன்" என்று இருபது நிமிடம் பேசினாள்.

பாலுக்குக் கால் பங்கு. பொறாமைக்கு எவ்வளவு என்று பாடத்தில் இல்லை. எங்கள் வீட்டில் முக்கால் பங்குக்குக் குறையாது.

பிப்ரவரி 10, திங்கள்

செய்முறைக்கு மாடு ஒதுக்கினார்கள். கல்லூரிப் பண்ணையில் மடிநோய் கண்ட மாடுகளில் ஆளுக்கு ஒன்று. மடியிலிருந்து பால் எடுத்து, தட்டில் வளர்த்து, என்ன கிருமி என்று கண்டுபிடித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கையை வைத்துத்தான் பண்ணையில் மருந்து கொடுப்பார்கள் என்பதால் விளையாட்டு கூடாது என்றார் மேடம்.

எனக்கு 63. ஜெனிட்டாவுக்கு 41.

63 கறுப்பு வெள்ளை, ஒரு காது மடிந்திருக்கும். பண்ணையில் பால் கறக்கும் சரசு அக்கா, "இதுக்கு இந்த வருசத்துல இது மூணாவது வாட்டிங்க பாப்பா. ஆனா தங்கமான மாடு. ஒதைக்காது" என்றார். நான் தொட்டதும் உதைத்தது.

ஜெனிட்டா போய் அதன் கழுத்துக்குக் கீழே சொறிந்துவிட்டாள். 63 கண்ணை மூடிக்கொண்டு நின்றது. என் மாடு அது.

பிப்ரவரி 12, புதன்

காலை ஆறு மணிக்குப் பால் மாதிரி. மடியைக் கழுவி, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு பீச்சலைக் கீழே விட்டு, பிறகு குப்பியில். இந்த முறை உதைக்கவில்லை. ஆனால் பீச்சும்போது வாலை வீசியதில் குப்பிக்குள் தூசி விழுந்ததோ என்று ஒரு சந்தேகம். மறுபடி எடுத்திருக்க வேண்டும். ஜெனிட்டா முடித்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் இரண்டாவது முறை உட்காருவதா?

பத்து மணிக்குத் தட்டில் இழுத்தோம். கண்ணாடித் தட்டுகளை ஆய்வுக்கூட உதவியாளர் பழனியப்பன் அண்ணன் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றில் அடித்தட்டின் விளிம்பு கடுகளவு உடைந்திருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஜெனிட்டா அதை எடுத்தாள். "இது போதும். தடவிப் பாத்தாலே என்னோடதுன்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

அதனால் அடியில் பெயர் எழுதவும் இல்லை. பெயரை அடித்தட்டில்தான் எழுத வேண்டும், கூழ் இருப்பது அதில்தான், மூடி மாறிப்போகும் என்று முதல் வகுப்பிலிருந்து மேடம் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். இவள் என் மார்க்கரை எடுத்து மூடியின் மேல் "ஜெனிட்டா, 41" என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்தாள். நான் அடியில் எழுதினேன், பூ இல்லாமல்.

பிப்ரவரி 13, வியாழன்

மத்தியானம் இரண்டு மணிக்குத் தட்டுகளைப் பார்க்கும் நேரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றே காலுக்கு எல்லோரும் மெஸ்ஸுக்குப் போயிருந்தபோது ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இன்குபேட்டரைத் திறந்து என் தட்டை எடுத்தேன்.

சகதி. தட்டின் பாதியை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஏதோ தூசிக் கிருமி படர்ந்திருந்தது. அதற்குள் 63இன் பாலில் என்ன இருந்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

ஜெனிட்டாவின் தட்டையும் பார்த்தேன். வெளிர் பொன் நிறத்தில் தனித்தனியாக, உருண்டையாக, ஒவ்வொன்றையும் சுற்றி ரத்த அகாரில் ஒரு தெளிந்த வளையம். புத்தகத்தில் அச்சடித்த படம் மாதிரி. மடிநோய் தரும் ஸ்டாஃப் கிருமிதான், பார்த்தவுடன் தெரிந்தது. வயிறு எரிந்தது. உண்மையாகவே, கையை வைத்து அழுத்திக்கொள்ளும்படி எரிந்தது.

ஸ்பிரிட் பஞ்சு தீர்ந்துவிட்டது, அண்ணனிடம் புதிது கேட்க வேண்டும்.

இரண்டு மணிக்கு மேடம் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னுடையதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பரவாயில்லையே, கோகிலவாணி. இவ்வளவு சுத்தமா தனித்தனியா வந்திருக்கு" என்று வகுப்புக்கே காட்டினார். முயல் பிளாஸ்மாவில் போட்டுப் பார்க்கச் சொன்னார். உறைந்தது. ஸ்டாஃப் உறுதி.

ஜெனிட்டாவின் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன இது? மூடியத் திறந்து வச்சுட்டு ஊர்க்கதை பேசிட்டு இருந்தியா?"

ஜெனிட்டா தட்டை வாங்கி, விரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு என் மேசையைப் பார்த்தாள். ஏன் தடவினாள் என்று தெரியவில்லை.

மெஸ்ஸில் இரவு உப்புமா.

பிப்ரவரி 14, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். மாடு எண் 63. ஸ்டாஃப். ஐந்து மருந்தில் நான்குக்கு அடங்கவில்லை. கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

ஜெனிட்டா தன் அறிக்கையில் 'தூசிக் கலப்பு, முடிவில்லை' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். அதை எழுத முன் பெஞ்சுக்காரியிடம் மார்க்கர் கேட்டு வாங்கினாள். என்னுடையது மேசை மேலேயேதான் இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

இடம் எனக்கு. பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "இப்பவே உன்ற பெரியம்மாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் மறு வேலை" என்று வைத்துவிட்டாள். வாஷிங் மெஷினுக்குப் பதில் கிடைத்துவிட்டது அவளுக்கு.

எனக்கும் சந்தோஷம்தான். மூன்று தடவை பலகைக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை மேடம் பார்த்துவிட்டு, "என்ன வாணி, பேர் மாறிடுமான்னு பயமா?" என்று சிரித்தார்.

வாணி என்றார். இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை, காதில் விழுந்தபோது யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

கால்நடைப் பராமரிப்பு வகுப்புக்காகப் பண்ணைக்குப் போனோம். 63 கொட்டகையில் இல்லை. பின்பக்கம் தனியாகக் கட்டியிருந்தார்கள். இடுப்பில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு.

சரசு அக்காவிடம் கேட்டேன்.

"கழிக்கற பட்டியல்ல சேத்திட்டாங்க பாப்பா. மருந்துக்கு அடங்காத நோவாம், மத்த மாட்டுக்கு ஒட்டிக்குமாம். சனிக்கெழம ஏலம்."

"யார் எடுப்பாங்க?"

"நோவு மாட்டப் பால் கறக்கறதுக்கா எடுப்பாங்க?" அவர் என்னைப் பார்க்காமல் சாணியை வழித்தார். "எனக்கொண்ணும் புரியலீங்க. இதோட மடி இப்ப வீக்கம் வத்தி, பால் நல்லாத்தான் வருது. அந்த நாப்பத்தொண்ணுக்குத்தான் திரிதிரியா வருது. அத ஒண்ணுஞ் சொல்லாம மத்த மாட்டுங்கூடவே மிசின்ல கறக்கச் சொல்றாங்க. படிச்சவங்க எழுதிக் குடுத்தா சரியாத்தான இருக்கும்?"

சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

63 என்னைப் பார்த்து மடிந்த காதை ஆட்டியது. ஈயாக இருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

போன வாரத் தட்டுகளைப் பழனியப்பன் அண்ணன் நீராவியில் வேகவைத்து வெளியே எடுத்து வைத்திருந்தார். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்பது இங்கே வழக்கம். அடியில் என் பெயர் இருந்த தட்டை எடுத்துக் குழாயடியில் பிடித்தேன். கட்டைவிரலில் சுருக்கென்றது.

விளிம்பு. கடுகளவு உடைசல்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "தடவிப் பாத்தாலே என்னோடதுன்னு தெரிஞ்சிரும்." அன்றைக்கு அவள் தன் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என் மேசையைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக எதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு, "லைட்ட அணைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டு, தெரிந்தே இருந்திருக்கிறாள்.

சரி. என் நோட்டில்தானே எழுதுகிறேன், இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அன்று மத்தியானம் என் தட்டின் அடியில் இருந்த என் பெயரை ஸ்பிரிட் பஞ்சால் அழித்தேன். ஜெனிட்டாவின் அடித்தட்டில் "கோகிலவாணி, 63" என்று எழுதினேன். பூப் போட்ட மூடியை எடுத்து என் சகதியின் மேல் வைத்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கை நடுங்கவும் இல்லை. கம்பி பிடிக்கும்போது நடுங்குகிற அதே கைதான்.

அவளிடமிருந்து ஒரு இடத்தைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்தேன். மூடியோடு மாடும் மாறிவிட்டது. 41இன் நோயை 63இன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நோயுள்ளது மந்தையோடு நிற்கிறது. நோயில்லாததற்குச் சிவப்புக் கோடு. நாளை மறுநாள் ஏலம்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலை ஐந்தரைக்குக் குப்பியும் புதுத் தட்டும் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். 63க்கு மறுபடி மாதிரி எடுத்து, மேடத்திடம் 'ஒரு சந்தேகம்' என்று கொடுத்துவிடலாம் என்பது திட்டம். மாடும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். வழி நெடுக எனக்கு நானே நல்லவள் பட்டம் கொடுத்துக்கொண்டு நடந்தேன்.

63இன் பக்கத்தில் ஜெனிட்டா குந்தியிருந்தாள். காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எனக்கு வந்தது வெட்கம் என்று எழுத ஆசை. வந்தது எரிச்சல். இதிலுமா எனக்கு முன்னால் வந்து நிற்பாள்?

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "குப்பிய மூடி வை. தூசி விழும்" என்றாள்.

மூடினேன். "ஜெனி, நான்..."

"ஒனக்காவ வரலட்டி. நேத்துதாம் சரசு அக்கா சொன்னாவ, ஏலத்துக்குப் போவுதுன்னு. மாடு என்ன பண்ணுச்சு?"

"உனக்கு முதல்லயே தெரியும். ஏன் மேடம்கிட்ட சொல்லல?"

அப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "என்னன்னு சொல்ல? அடியில ஒம்பேரு இருக்கு. நீ கிளாஸ்ல ஃபர்ஸ்டு. நான் மூடியில பூப் போட்டவ. யாரு நம்புவா? அன்னைக்கே ரூமுக்கு வந்து ஒன்னைய நாலு சாத்து சாத்தணும்னுதாம் இருந்தேன். நீ எனக்கும் சேத்து உப்புமா வாங்கி வச்சிருந்த. அதப் பாத்ததும் கை வரல. இப்பமும் கோவந்தாம் இருக்கு."

உப்புமா வாங்கி வைத்ததை நான் மறந்தே போயிருந்தேன். அவளுக்காக ஏன் வாங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவள் இரண்டு பீச்சல் கீழே விட்டு, குப்பியில் எடுத்து, எழுந்தாள். நான் கொண்டுவந்த தட்டை வாங்கிக்கொண்டு என் முன்னால் நீட்டினாள். "நான் போயிக் குடுத்தா ஒம்மேல பழி போடுதேன்னு சொல்லுவாவ. நீதாம் குடுக்கணும். பேரையும் நீயே எழுது."

மார்க்கரை எடுத்தேன். தட்டைத் திருப்பி அடியில் எழுதினேன். "63. மாதிரி எடுத்தவர் ஜெனிட்டா."

ஒன்பது மணிக்கு மேடத்தின் அறை. 'ஒரு சந்தேகம்' என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். மேசையில் என் அறிக்கை மேலேயே இருந்தது, அந்த அழகான கையெழுத்தோடு. ஸ்பிரிட் பஞ்சிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் கத்தவில்லை. உடனே பண்ணைக்குப் போன் போட்டு ஏலத்தை நிறுத்தச் சொன்னார், 41ஐ மந்தையிலிருந்து பிரிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தூசி விழுந்த தட்டுக்கு நான் பாதி மார்க்காவது போட்டிருப்பேன், கோகிலவாணி" என்றார்.

மறுபடி முழுப் பெயர்.

பிப்ரவரி 22, சனி

63இன் தட்டில் ஸ்டாஃப் ஒரு புள்ளிகூட இல்லை. 41க்கும் நேற்றே மாதிரி எடுத்தார்கள். அதே பொன் நிறம், அதே வளையம். அதற்கு இது முதல் தடவை என்பதால் தனியாகக் கட்டி, மற்ற மாடுகளுக்குப் பிறகு கடைசியாகக் கறந்து, அடங்குகிற அந்த ஒரு மருந்தைக் கொடுக்கப் போகிறார்கள்.

எனக்குச் செய்முறையில் பூஜ்யம். பருவம் முடியும் வரை வகுப்பின் எல்லாத் தட்டுகளையும் நான்தான் கழுவ வேண்டும். பலகையில் பெயர் மாறிவிட்டது. இந்த முறை ஒரு தடவைதான் பார்த்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "இனி உன்ற பெரியம்மா மூஞ்சீல எப்படி முழிக்கறது" என்றாள். பிறகு, "அந்த மாட்டுக்கு ஒண்ணும் ஆகலியே கண்ணு?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 26, புதன்

தட்டுகள் நாற்பத்திரண்டு. விரல் ஊறிப்போய்விட்டது.

ஜெனிட்டா பேசுவதில்லை. விளக்கை அணைக்கும்போதுகூடக் கேட்பதில்லை, அணைத்துவிடுகிறாள்.

மார்ச் 3, திங்கள்

கோடைக்கு முன்பே பழகட்டும் என்று மேடம் ஜெனிட்டாவை இன்று ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்தார். நான் குழாயடியில் நின்றேன், கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. வெள்ளைக் கோட்டில் அவள் பெயர் தைத்திருந்தது. எரிந்தது. எரியவில்லை என்று எழுதினால் அது இந்த நோட்டுக்கே துரோகம்.

முதல் நாளே மூடியில் பெயர் எழுதியிருக்கிறாள். "இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது ஜெனி" என்று மேடம் வைத ஓசை குழாயடி வரை கேட்டது. கேட்டதும் மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்த அளவுக்குத்தான் திருந்தியிருக்கிறேன்.

மாலை அறைக்கு வந்தபோது அவள் இல்லை. என் மேசையில் மார்க்கரையும் காணவில்லை. தேடவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் திரும்பி வந்திருந்தது. வழக்கம்போல மூடி போடாமல்.

மூடியைப் போட்டு, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.